பதினோராம் பக்கம்

நான் விதிப்புத்தகம் எழுதுகிறவள்.
ஆட்டம் அவர்களுடையது,
வினைமுற்றுகள் மட்டும் என்னுடையவை.

எம்டன் நகரில், நவம்பர் மழையில்,
நாலாம் மாடியில் ஒரு மேசை.
ஒரு முனையில் வீப்கே. மறுமுனையில்
மில்வாக்கியிலிருந்து வந்திறங்கிய டேல்.
இருவருக்கும் சேர்த்து ஒரே கடல்.

வீப்கேயின் கடலில் பழுப்பு நிறக் கட்டைகள்.
கட்டை என்றால் மரம். தேவைப்பட்டால் ரொட்டி.
இன்னும் தேவைப்பட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அவள் ஆட்டத்தில் யாரும் யாரையும் வெட்டுவதில்லை.
உனக்கு வேண்டிய துறைமுகத்தில்
உனக்கு ஒரு நொடி முன்னால் போய் நிற்பார்கள்,
மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு.

டேலின் கடலில் ஒரு பூதம்.
பிளாஸ்டிக். பதினேழு கைகள்;
சுங்கச் சோதனையில் ஒன்று ஒடிந்து
இப்போது பதினாறு.
அதற்கொரு பெயர், ஒரு தாய், தீராத பழைய வன்மம்.
பகடையை அவர் எறிவது
வானத்தை வம்புக்கு இழுப்பதுபோல் இருக்கும்.
சோபாவுக்கு அடியில் விழுந்தாலும் செல்லும்.

அவள் பகடையை எடுத்தாள். அவர் வைத்தார்.
ஆறு வாரம்.
ஒருநாள் அதை உப்பு டப்பாவுக்குள் பார்த்தேன்.

அன்று ஆடிப்பார்க்க வந்தவர்கள் நால்வர்.
ஓனோ, கடலணை பழுதுபார்க்கிறவன்,
மூன்றாம் சுற்றிலேயே மூன்று கப்பலும் போய்
வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான்.
டேலின் விதிப்படி அவன் செத்தாயிற்று.
எழுந்து போய்
கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தான்.

"என் ஆட்டத்தில் யாரையும்
பாதியில் எழுப்பி அனுப்பமாட்டேன்" என்றாள் வீப்கே.
"ஆமாம்," என்றார் டேல்,
"தோற்றது தெரிந்துபோனவனை
இன்னும் ஒரு மணிநேரம் கூட்டல் போட வைப்பாய்.
கொன்றுவிடுவதில் கொஞ்சம் மரியாதையாவது இருக்கிறது."

குழாய்ச் சத்தம் நின்றது.

ஈரக்கையோடு வந்த ஓனோ
மூழ்கிய தன் கப்பல்களைப் பெட்டியிலிருந்து பொறுக்கி
மூழ்கிய அதே கட்டங்களில் கவிழ்த்து வைத்தான்.
"எங்கள் பக்கம் கப்பல் மூழ்கினால்
போய்விடாது. அடியில் கிடக்கும்.
வலையைக் கிழிக்கும்."

ரீகா தன் படகை நகர்த்தப் போனவள்
நிறுத்தினாள். யோசித்தாள்.
சுற்றிக்கொண்டு போனாள்.
சுற்றிப்போக ஒரு கட்டை செலவு:
வீப்கே குறித்துக்கொண்டாள்.
அடுத்தவன் துணிந்து குறுக்கே போனான்.
கிழிந்ததா, தப்பியதா?
டேல் ஒன்றும் பேசாமல் போய்
உப்பு டப்பாவைத் திறந்தார்.

பதினோராம் பக்கத்தில் இப்போது அந்த விதி:
மூழ்கியவர், கடந்து செல்பவரை
ஒருமுறை மறிக்க

'மறிக்கலாம்' என்கிறாள் அவள்.
செத்தவனுக்கும் ஒரு தேர்வு வேண்டுமாம்.
'மறித்தே ஆகவேண்டும்' என்கிறார் அவர்.
கடலுக்கு ஏது தேர்வு.

காலையில் அச்சுக்குப் போகிறது.
'மறிக்க' வரை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஓனோவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.
வடமேற்கிலிருந்து காற்று.
அணையில் இருப்பான்.