நிமிடத்துக்கு இருபத்தெட்டு

முனிர்க்காவில் எங்கள் மொட்டைமாடி அறைக்கு வெளியே
பதினோரு தொட்டிகள்.
ஜூன் மாதம் இரவு டியூட்டி முடிந்து
எட்டரைக்குப் படியேறினால்
சின்டெக்ஸ் தண்ணீரில் முட்டை வேகும்.

முதல் வருடம் அதைத்தான்
குளியல் மக்கில் மொண்டு வீசினேன்.
மேல்மண் ஓடாய் இறுகிக் கிடந்தது.
தண்ணீர் தொட்டியின் ஓரமாய் நழுவி
அடி ஓட்டை வழியே வெளியேறி
கீழே பிம்லா தோக்கஸ் காயவைத்த கோதுமைமேல் இறங்கியது.
வேருக்கு ஒரு வாய் இல்லை.
பாகல் போனது. கத்தரி போனது.
வசவு மட்டும் தழைத்தது
ஹரியான்வியில்.

பூவாளி வாங்கினேன்.
நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன்;
மண்ணை நோகடிக்காமல் பெய்யும்.
ஆனால் அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும்
வெயிலுக்கு முன், ஐந்து மணிக்கு.
ஐந்து மணிக்கு நான்
பதினான்காம் படுக்கைக்கு பாட்டில் மாற்றிக்கொண்டிருப்பேன்.

அப்படி மாற்றும்போதுதான்
கை பாதியில் நின்றது.

பகீரத் பேலஸில்
தேதி முடிந்த டிரிப் செட் கட்டாகக் கிடைத்தது.
எந்த ஆஸ்பத்திரிக்கு என்றார் கடைக்காரர்.
கத்தரிக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை,
விலையும் குறைக்கவில்லை.

லிட்டர் பாட்டிலைத் தலைகீழாய்க் கொடிக்கம்பியில் கட்டி
அடியில் காற்றுக்கு ஒரு துளை.
வாயில் பழைய துப்பட்டாத் துண்டு, துருவை வடிக்க.
மண்மேல் காய்ந்த வேப்பிலை
இரண்டு விரற்கடை.
லிட்டருக்கு இருபதாயிரம் துளி,
பன்னிரண்டு மணி நேரம்;
கணக்கு எனக்கு மனப்பாடம்.
கடிகாரம் பார்த்துச் சக்கரத்தை உருட்டினேன்
இருபத்தெட்டு வரும்வரை.

முதலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மண் கறுத்தது.
நான் தூங்கி எழுந்தபோது
ஒரு தோசை அகலம்.
கீழே கோதுமை காய்ந்தபடியே இருந்தது.

ஒருநாள் குழாயில் குமிழி.
ஓடிப்போய் நகத்தால் சுண்டினேன், சுண்டினேன்,
நெஞ்சு அடித்துக்கொள்ள.
ஜெபசெல்வி கதவில் சாய்ந்து,
"அதுக்கு நரம்பே கெடையாதுடி" என்றாள்.
தெரியும்.
குமிழி மேலேறும்வரை
கையை எடுக்க முடியவில்லை.

பிம்லா மேலே வந்தாள்.
வரிசையாய்த் தொங்கிய பதினொன்றையும்
இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.
எல்லாருக்கும் என்ன காய்ச்சல் என்று கேட்டாள்.
போகும்போது படியில் திரும்பி,
நாலு நாள் ஹரித்வார் போகிறோம்,
என் துளசியையும் சேர்த்துக்கொள்வாயா?
பெட் இருக்கிறது என்றேன்.

மூன்றாம் நம்பர் மட்டும்
அடிக்கடி அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர்.
கழற்றி, வெந்நீரில் அலசி, மாட்டி,
மறுபடி எண்ண வேண்டும்.
யூனிஃபார்ம்கூட மாற்றாமல்
குந்தியிருக்கிறேன் இப்போது.
இருபத்தாறு.
கொஞ்சம் திற.
இருபத்தேழு.