கொடிக்கு இருபது காசு

நாளைக்கு ஓட்டு.
ரோஸ்ஹில்லில் ஆகஸ்டுத் தூறல், ஈரம் வற்றாத சுவர்.
மெஷினுக்கு வலப்பக்கம் நீலத்துணி, அதில் சேவல்.
இடப்பக்கம் சிவப்பு, அதில் சாவி.
ஊசி ஒன்றுதான்.
நூலை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

வாசலில் ஆண்கள்.
தால்பூரி வாங்கக் கிளம்பியவர்கள்
ஒன்றரை மணி நேரமாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

"முருகன் கொடியில் என்ன இருக்கு? சாவியா?"
இது அர்னாசெல்லோம்.
அப்பன் வைத்த பெயர் அருணாசலம்.
பதிவு எழுதிய குமாஸ்தாவுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.
"தைப்பூசத்துக்குக் காவடி தூக்கின தோள்யா இது,
சேவலுக்குப் போடாம வேற எதுக்குப் போடும்?"

"அப்போ ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக் குழம்பில்
கொதிச்சது யாரு?" என்றார் வைத்திலிங்கோம்.
சிரிப்பு.
அர்னாசெல்லோமும் சிரித்துவிட்டு
அப்புறம் ஞாபகம் வந்து கோபித்துக்கொண்டான்.

கோபம் கணக்காயிற்று.
சேவல் வந்தால் இங்கிலாந்தோடு ஒட்டிக்கொள்ளலாம்,
சர்க்கரைக்கு விலை நிற்கும், பிள்ளைகள் கப்பலேறும்.
சாவி வந்தால் சுதந்திரம்.
"லீ கடையில் சுதந்திரத்தைக் கொடுத்தா
எத்தனை படி அரிசி அளக்கிறான்?"
"லண்டன் போனாலும் நீ கக்கூஸ்தான் கழுவுவே."
"கழுவுறேன். பவுனில் சம்பளம் வாங்கிக் கழுவுறேன்."
"இங்கே கரும்பு வெட்டுறவன் கையைப் போய்ப் பார்,
நூறு வருஷமா அதே வெட்டுக்காயம்.
அதுக்கு எந்த ராணி மருந்து போட்டாள்?"
இதைச் சொன்னவன் யாரென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள்
பஸ் வந்து மறைத்துக்கொண்டது.

நூற்றுக்கு ஆறோ ஏழோ பேர் நாம்.
எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன, தராசு அசையுமா?
ஆளுக்கு மூன்று ஓட்டு.
"ரெண்டு சாவிக்கு, ஒண்ணு நம்ம ஆளுக்கு,
அவன் சேவலில் நின்னாலும்" என்றார் வைத்திலிங்கோம், மெதுவாக.
"மோரில் ரம் ஊத்துறவன்" என்று
இரண்டு கட்சியும் சேர்ந்து அவரைத் திட்டியது.
அன்றைக்கு வாசலில் வந்த ஒரே ஒற்றுமை அது.

நடுவில் மதாம் லிசெத் வந்தாள்,
பாவாடை இடுப்பைத் தளர்த்த.
கட்டிலை விற்றாயிற்று, மெல்போர்னுக்கு டிக்கெட் கையில்.
"போறவளுக்கு எதுக்கு ஓட்டு?" என்றான் அர்னாசெல்லோம்.
"வீட்டைக் காலி பண்றவள் பெருக்கிட்டுப் போகமாட்டாளா?"
என்று அவள் கிரியோலில் கேட்டாள்.
யாரிடமும் பதில் இல்லை.
இரண்டு அங்குலம் விட்டேன்.
கடலில் உடம்பு ஊதும் என்றாள்.

துறைமுகத்திலிருந்து இவர் வந்தபோது இருட்டிவிட்டது.
சட்டைக் காலரில் சர்க்கரை மூட்டைத் தூசி.
இவர் சாவி. கேட்கத் தேவையில்லை,
யூனியனில் எல்லோரும் சாவி.
சாப்பிட்டுக் கைகழுவும்போது கேட்டார்:
"நீ?"
தைக்கிறேன், என்றேன்.
"அதைக் கேட்கலை."
தெரியும், என்றேன்.
கார்ப் தெ கார்த் மலைப் பக்கம் மழை வலுத்தது.
விளக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

இரண்டு மணிக்குத்தான் கவனித்தேன்,
கடைசிப் பத்துச் சிவப்புக் கொடியையும்
நீல நூலில் அடித்திருக்கிறேன்.
பிரிக்க நேரமில்லை.
கம்பத்தில் ஏறிவிட்டால் தையல் யாருக்குத் தெரியும்?

ஆண்களுக்கு நாடு. எனக்கு வேறு கணக்கு.
நீலம் பாக்கி பதினெட்டு ரூபாய்,
சிவப்பு இருபத்திரண்டு.
நாளை மறுநாள் ஒருவன் தோற்றிருப்பான், ஒருவன் ஜெயித்திருப்பான்.
தோற்றவன் கதவைத் திறக்கமாட்டான்.
ஜெயித்தவன் வீட்டில் கூட்டம், உள்ளேயே போகமுடியாது.

விடிந்ததும்
ஓட்டுக்கு முன்னால்
இரண்டு வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வரவேண்டும்.