இலக்கமில்லாத காம்பரா

பொகவந்தலாவைக் கடைவீதியில்
ஒரே கம்பத்தில் மூன்று கம்பெனி வயர்.
பேக்கரிக்கு ஒன்று, நகைக்கடைக்கு ஒன்று,
மூன்றாவது யாருக்கும் இல்லை,
போட்டிக்குத் தொங்குகிறது.

நான் செம்மஞ்சள் சட்டை.
போன வருஷம் நீலம்.
நூறு மெகாபிட் என்று அப்போது சொன்ன வாயால்
முந்நூறு என்று இப்போது சொல்கிறேன்.
பார்மசிக்காரர் மறக்கவில்லை:
"வேகம் கூடினது லைனுக்கா தங்கச்சி, உங்களுக்கா?"

எதிர்ப்பக்கம் குடைக்குக் கீழே
இப்போதைய நீலச்சட்டை, நஸ்மி.
அவன் ஒரு மாதம் இலவசம் என்றால்
நான் இரண்டு.
அவன் ரவுட்டரைச் சும்மா கொடுத்தால்
நான் ரவுட்டரோடு ஒரு சுவர்க்கடிகாரம்.
மழை வலுத்தால் இரண்டு பேரும்
பேக்கரிக்குள்ளே, இஞ்சி பிளேன்டீ, கடனுக்கு.

ஐந்தரை பஸ்.
ஸ்டோர் வளைவில் இறங்கி
இரண்டு கிலோமீற்றர் ஏறினால் மேல் டிவிசன்.
லயத்து வாசலில் என் போனுக்கு ஒரு கோடு.
கவ்வாத்து வெட்டிய மலைப்பக்கம் இரண்டு.
தண்ணித் தொட்டிக்கு மேல் ஏறி நின்றால் மூன்று,
அதுவும் சில நேரம்.
பகல் முழுக்க வேகம் விற்றவள்
அன்றைய விற்பனைக் கணக்கை அனுப்ப
தொட்டி மேல் குந்தியிருக்கிறேன்,
அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்போடு.

ஒரு நாள் படிவத்தை எனக்கே நிரப்பினேன்.
பெயர்: மகாமுனி கிருபாஜினி.
தொழில்: விற்பனை முகவர்,
உங்களுடைய முகவர்தான்.
வீட்டு இலக்கம்:
மூன்றாம் லயம், ஏழாம் காம்பரா.
சிவப்பில் ஒரு வரி வந்தது, செல்லாத முகவரி.
வீதியின் பெயர்:
வீதி இருக்கிறது, கொழுந்து லொறி போகும்,
பெயர் வைக்கத்தான் ஆளில்லை.
காணி உரிமையாளர்:
என் பாட்டன் முப்பாட்டன் எல்லாரும்
வெறுமையாக விட்டுப்போன கட்டம் அது.
நானும் விட்டேன்.

நஸ்மி தன் படிவத்தில் போட்டுப் பார்த்தான்.
அவன் கம்பெனி மரியாதை தெரிந்தது:
உங்கள் பகுதிக்கு விரைவில் வருகிறோம்.

அடுத்த ஞாயிறு
இரண்டு சட்டையும் ஒன்றாக மலை ஏறின.
நாற்பத்தொரு வீட்டில் கையெழுத்து.
பவளராணிக்கு, டுபாயில் இருக்கும் புருஷனின் முகம்
வாய் திறந்தபடி உறைந்துபோகாமல் தெரியவேண்டும்.
தினேஷ்காந்துக்கு, கொழும்புக் கம்பெனி வேலையை
அட்டன் நண்பன் அறையில் வாடகை கொடுத்துச் செய்யாமல்
சொந்தக் காம்பராவில் செய்யவேண்டும்.
ஒருவர் மட்டும் கேட்டார்,
"இதுல சம்பளம் கூட்டுவாங்களா?"
இல்லை என்றோம். ஆனாலும் போட்டார்.

தொரை முழுவதும் படித்தார்.
கம்பம் நடலாம்,
கொழுந்து மிதிபடக் கூடாது,
ஒரு வரிசைதான். ஒரே ஒரு வரிசை.

அங்கே நின்றது.
என் தலைமையகம் சொன்னது:
நீலக்காரன் நடட்டும், நாம் வாடகைக்குத் தொங்குவோம்.
நஸ்மியின் தலைமையகம் சொன்னது:
செம்மஞ்சள் நடட்டும், பிறகு பார்ப்போம்.
கடைவீதியில் முண்டியடித்தவர்கள்
மலையடியில்
நீங்க முன்னால போங்க என்று
கைகாட்டி நிற்கிறார்கள், ஏழு மாதமாக.

இதற்கிடையில்
வானத்திலிருந்தே வருகிறதாம் ஒன்று.
கம்பம் வேண்டாம், கடிதம் வேண்டாம்.
விலை விசாரித்தேன்:
பெட்டிக்கு மட்டும்
அம்மாவின் நாலு மாதச் சம்பளம்,
ஒரு பேரும் குறையாமல் விழுந்தால்.

நேற்று ராத்திரி தொட்டி மேலிருந்து பார்த்தேன்.
வெளிச்சப் புள்ளிகள்,
லயம் போட்ட மாதிரி ஒரே வரிசையில்,
சத்தமில்லாமல் மலையைத் தாண்டிப் போயின.
ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டாம்.

போன் அதிர்ந்தது.
நஸ்மி, மத்தியானம் அனுப்பியது:
"நாளைக்கு நாங்க மூணு மாசம் இலவசம்.
முன்னமே சொல்லிட்டேன், பிறகு கோபிக்காதே."
பதில் எழுதி அனுப்பினேன்.
வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது.