அளவுகல்

சமாதானபுரத்தில் டயர்க் கடை மாடி.
ஏறி வருவதற்குள்ளேயே பாதி நடை முடிந்துவிடும்.
நெஞ்சுப் பட்டையைக் குழாயடியில் நனைத்துக்
கட்டச் சொல்கிறாள் பெனிட்டா.
காய்ந்த தோல் பேசாதாம்.
ஈரம் பட்டால்தான் துடிப்பு மிஷினுக்குக் கேட்குமாம்.
குழாயில் வருவது எங்கள் ஆறுதான்.
சில்லென்று விலாவைச் சுற்றிக்கொண்டது.

மிஷின் என் பெயரைக் கேட்கவில்லை.
கேட்டாலும் உச்சிமாகாளி என்று அடிக்க
அதில் எழுத்துக்கு எங்கே போவது?
வயசு மட்டும் கேட்டது: ஐம்பத்தேழு.
இருநூற்றிருபதில் அதைக் கழித்து
மிச்சத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து எடுத்து
106 என்று போட்டுக் காட்டியது.
நான் போய் நிற்க வேண்டிய மட்டம்.

தெரிந்த வேலைதான்.
முப்பத்தோரு வருசம் கால்வாயில் லஸ்கர்.
அளவுகல்லைப் பார். குறைவா, ஷட்டரைத் திருகு.
கூடுதலா, இறக்கு.
இங்கே தண்ணிக்குப் பதில் என் ரத்தம்,
ஷட்டருக்குப் பதில் காலடியில் ஒரு மேடு.
அரை நிமிசத்துக்கு ஒருக்க எட்டிப் பார்க்கிறது.
88. மேடு ஒரு புள்ளி ஏறுகிறது.
91. இன்னொன்று.
93.
93-லேயே நின்றுவிட்டது நெஞ்சு.
மிஷின் நிற்கவில்லை.

காலையில் இட்லிக்கு அப்புறம் போட்ட
அரை மாத்திரை அதற்குத் தெரியாது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ஸ்டென்ட் வைத்த கையோடு எழுதித் தந்தது,
துடிப்பை ஏற விடாமல் பிடித்துக்கொள்ளும் மாத்திரை.
உள்ளே அது பிடித்து நிறுத்த
வெளியே இது,
சோம்பேறிப் பய, நடக்க மாட்டேங்கான் என்று
மேட்டைத் தூக்குகிறது.
ஆறு. ஏழு. எட்டு.
கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
திரையில் மட்டும் 94,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

அந்தப் பிசானம் ஞாபகத்துக்கு வந்தது.
கடைமடையில் தண்ணி இல்லை என்று போன் மேல் போன்.
தலைமதகில் நின்று திருகிக்கொண்டே இருந்தேன், மரை மரையாய்.
கல்லில் மட்டம் ஏறவில்லை என்றார்கள்.
இன்னும் ரெண்டு மரை.
கல்லுக்கு மேலே கால்வாயை
ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது பிறகுதான் தெரிந்தது.
தண்ணி வழியிலேயே கரையை உடைத்து
விடியும் முன்னே வாழைக்குள் இறங்கிவிட்டது.
குலை தள்ளிய ஏத்தன், ஆயிரத்தி இருநூறு.
பொன்னுலிங்கம் என்னை ஏசவில்லை.
முழங்கால் சேற்றில் நின்று
ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தான்.

மெமோவுக்கு நான் எழுதின பதில் ஒரே வரி:
அளவுகல் காட்டியபடி திறந்தேன்.

இந்த மிஷினிடம் விளக்கம் கேட்டாலும்
இதையேதான் எழுதும்.

பெனிட்டா ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.
மாத்திரை விசயம் கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள்.
மேட்டைத் தரையாக்கி மறுபடி ஓடவிட்டாள்.
"பேசிக்கிட்டே நடங்க சார்.
பேச்சு திக்காம வருதா, அதுதான் உங்க அளவு.
நம்பரை விடுங்க."

என்ன பேச?
வீட்டுக்கதை இவளிடம் எதற்கு.
கால்வாய்ப் பெயர்களைச் சொன்னேன், மேலிருந்து கீழே:
கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன்,
கோடகனில் மூச்சு முட்டியது.
வேகத்தை ஒரு புள்ளி குறைத்தாள்.
மறுபடி முதலிலிருந்து.
மூன்றாவது தடவை
மருதூர் மேலக்கால், கீழக்கால் தாண்டி
ஸ்ரீவைகுண்டம் வரை ஒரே ஓட்டமாய் வந்தேன்.
பக்கத்து சைக்கிளில் மிதித்துக்கொண்டிருந்த பையன்
காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்த்தான்.

பெல்ட் நின்ற பிறகும் நெஞ்சு உடனே இறங்கவில்லை.
மதகை அடைத்த பிறகும்
கால்வாயில் ரெண்டு மணி நேரம் ஓடும், அது மாதிரி.
பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
சொட்டுச் சொட்டாய் வடிந்தது.
உள்ளே யாருமில்லை.
திரையில் இன்னும்
87, 87 என்று மின்னிக்கொண்டிருந்தது.