பத்தாம் எண் பிழை

மூன்றே கால் மணிக்குக் காசிமேட்டிலிருந்து போன்.
தராசு நிறுக்கிறது, கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை.
ராத்திரி தானாகவே ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டதாம்.

கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டிக்குக் காத்து நின்று
போய்ச் சேர்வதற்குள் படகுகள் வந்துவிட்டன.
ஏகவல்லி அக்காவின் ஷெட்டில்
தரையில் வஞ்சிரம், கூடையில் சங்கரா,
மானிட்டர் தலையில் ஈரத்துக்குப் பயந்து ஒரு துண்டு,
என்டர் பட்டன் மேல் ஒட்டியிருந்தது செதில்.

"டிரைவர்தான்க்கா பிரச்சினை."
"டிரைவரா? அவன் அப்பவே வந்து
லாரில தூங்கினு கீறான்."

டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன்.
நீண்ட வரிசையில் ஒன்றின் மேல் மட்டும்
மஞ்சள் முக்கோணம்.
இந்தச் சாதனத்தைத் தொடங்க இயலவில்லை, பத்தாம் எண்.
கேபிளைப் பிடுங்கினேன், செருகினேன்,
முன்பக்கம், பின்பக்கம்,
அழித்தேன், மறுபடி நிறுவினேன்,
அணைத்து ஏற்றினேன்.
துளையில் உப்புப் பூத்திருந்தது. ஊதினேன்.
எல்லோரும் ஊதுவார்கள். ஊதி ஒன்றும் சரியானதாகக் கேள்வியில்லை.

நாலு மணி.
கணக்கு நோட்டுக்குப் போய்விட்டது.
பில் இல்லாமல் ஏற்றமாட்டேன் என்று
விழித்துக்கொண்ட லாரி டிரைவர் வாசலில் நிற்கிறார்.

அப்புறம்தான்
அந்தச் சின்ன எழுத்தைப் படித்தேன்:
இது அசல் சிப் அல்ல. விற்றவரை அணுகவும்.

விற்றவர் ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே
இரண்டடி அகலத்தில் உட்கார்ந்திருப்பவர்.
நூற்றெண்பது ரூபாய்.
வாங்கி வந்து மாட்டியவன் நான்தான்.
நாலு வருஷம்
ஒரு கிராம் பிசகாமல் எடையைச் சொன்ன கேபிள்.
புது டிரைவர் அதன் வேலையைப் பார்க்கவில்லை,
பிறப்பை விசாரித்தது.

காது சுட்டது எனக்கு.

என் ஃபைலில் ஒரு தாள் இருக்கிறது.
மூன்று வருட அனுபவம்,
அம்பத்தூர் எஸ்டேட்டில் இல்லாத ஒரு கம்பெனியில்.
லெட்டர்ஹெட் பெரம்பூர் டிடிபி கடை,
கையெழுத்து என் மச்சான், இடது கையால்.
போன மாதம் ஹெச்ஆருக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள்.
பழைய ஃபைல்களை அகர வரிசையில் சரிபார்க்கிறாளாம்.
இப்போது ம-வில் இருக்கிறாள்.
என் பெயர் வேதமுத்து.

பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போய்
இரண்டாயிரத்து எட்டாம் வருட டிரைவரைச் சொடுக்கினேன்.
அது எதுவும் கேட்கவில்லை.
டிங்.
முக்கோணம் இல்லை.

அக்கா ஒரு வஞ்சிரத்தைத் தூக்கித் தட்டில் போட்டாள்.
நாலு கிலோ இருநூற்றுப் பத்து.
திரையிலும் அதேதான்.

"இன்னா பண்ணே?"
"பழசையே போட்டுட்டேன்க்கா."
"பழசு அவ்ளோ நல்லதா?"
நல்லதெல்லாம் இல்லை,
போலியைக் கண்டுபிடிக்கத் தெரியாது அதற்கு
என்று சொல்ல வந்து
"இதுக்குப் போதும்" என்றேன்.

இனித் தானாகப் புதுப்பிக்காதபடி நிறுத்தினேன்.
சர்வீஸ் ரிப்போர்ட்டில்
பழுதுக்குக் காரணம் என்ற கட்டம்.
கொஞ்சம் யோசித்து
ஈரம் என்று எழுதினேன்.

அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.
தாளின் ஓரத்தில் மீன் தண்ணீர் பரவி
அந்தச் சொல்லை நெருங்கிக்கொண்டிருந்தது.