மாத்திரை மாறிய ராத்திரி

காங்கேயம் ரிஜிஸ்தர் ஆபீசில்
கையெழுத்துப் போட்ட நாலாம் நாள்
என் பிரஷர் மாத்திரையை
அவர் முழுங்கிவிட்டார்.
ரெண்டு டப்பாவும் ஒரே நீலம்.

"இது வேற கசப்பா இருக்குதுங்"
என்றார் சென்னியப்பன்.
தாராபுரம் வண்டியில் முப்பது வருசம் விசில் ஊதியவர்.
எனக்கு ஒரு தடவைகூடச்
சில்லறை பாக்கி வைக்காதவர்.

மகனைக் கூப்பிடலாம்.
"இதுக்குத்தான், இந்த வயசுல"
என்றுதான் தொடங்குவான்.
கூப்பிடவில்லை.

மருந்துக்கடைப் பையன் போனில் சொன்னான்:
பயப்படாதீங்கக்கா,
எந்திரிச்சா தலை சுத்தும், படுக்கச் சொல்லுங்.
நாடியை மட்டும் பாத்துக்கங்.

மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்.
எழுபத்திரண்டு.
சித்தே பொறுத்து, எழுபது.
மில்லில் கோன் எண்ணிய விரல்கள்.
பதினோரு வருசமாய்
யார் கையையும் பிடித்ததில்லை.
வெளியே ராத்திரி ஷிப்டு வேன் ஹாரன் அடித்துப் போனது.
மூன்றாம் தடவை பாதியில்
எண் தவறிவிட்டது. அப்புறம் எண்ணவேயில்லை,
பிடித்திருந்தேன்.

கோழி கூப்பிடும் நேரம்
கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"எத்தனைங்?"

"அறுபத்தொம்பது" என்றேன் வாய்க்கு வந்தபடி.

"கணக்கு உதைக்குதுங்" என்றார் கண்டக்டர்.
"மறுக்கா எண்ணுங்."