குறியீடு முப்பத்தொன்று

கொம்பனித்தெருவில் நாலாம் மாடி.
கீழே கொத்துரொட்டி தட்டும் சத்தம்.
நான் ஜேர்மனியில் ஒரு மலையேறிக்கொண்டிருக்கிறேன்.

மவுஸால்தான்.
செய்மதிப் படத்தில் ஒற்றையடிப் பாதையைப் பிடித்து
வளைவுக்கு வளைவு புள்ளி வைத்துப் போவேன்.
பீச் மரக் காட்டுக்குள் பாதை மறையும்.
அந்தப் பக்கம் வெளிவரும்வரை பொறுக்காமல்
ஊகத்தில் ஒரு கோடு இழுப்பேன்.
அந்த மாவட்டத்தின் மரபுச் சின்னங்களுக்குப் பட்டியல் தயாராகிறது,
புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று.

ஃபோகல்ஸ்பெர்க். பறவை மலை என்று அர்த்தமாம்.
பறவை ஒன்றையும் நான் கண்டதில்லை,
மேலிருந்து பார்ப்பவளுக்குப் பறவை தெரியாது.
எப்போதோ அணைந்த எரிமலை,
கறுத்த பாறை, அதன்மேல் புல்,
புல்லின்மேல் சிவப்பு மாடுகள்
மைசூர்ப் பருப்புச் சிந்தினாற்போல.

எட்டு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது.
குறியீடு நாலு, நீரூற்று.
பன்னிரண்டு, ஊருக்குப் பொதுவான அடுப்பு.
வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பாண் சுட்டார்களாம்.
பத்தொன்பது, மரச்சட்ட வீடு.
குறுக்குச் சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்த ஃபஸ்னா சொன்னாள்:
"மனிசன் கையைக் காலை விரிச்சு நிக்கிற மாதிரி இல்ல?"
அந்த வடிவத்துக்கு அங்கேயும் மனிதன் என்றுதான் பெயர்.
நான் சொல்லவில்லை.
அவளுடைய கண்டுபிடிப்பாக இருக்கட்டும்.

நாற்பத்தேழு, அழிந்த ஊர்.
சுவர் இல்லை, வாசல் இல்லை, புள்ளி மட்டும் உண்டு.
குறிப்பில் எழுதியிருந்தது:
காட்டுக்குள் ஓரிடத்தில் நீலப் பூக்கொடி படர்ந்திருந்தால்
அங்கே முன்னொரு காலம் வீட்டுத்தோட்டம் இருந்திருக்கலாம்.
படத்தைப் பெருப்பித்தேன்.
நம்முடைய பட்டிப்பூவுக்கு ஒன்றுவிட்ட தங்கை,
அதே ஐந்து இதழ், அதே முகவெட்டு.
பதினொரு வீடு. அறுநூறு வருஷம்.
பஞ்சமோ கொள்ளைநோயோ தெரியவில்லை.
யாரோ இன்னும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நேற்று, விடியலிலிருந்தே நனைந்த செவ்வாய்க்கிழமை,
வயலோரத்தில் முழங்கால் உயரக் கற்சிலுவை ஒன்று வந்தது.
நடுகல் என்று பதிந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது,
விழுந்த வீரனுக்கு ஊர் நடுவது.
திலான் திருப்பி அனுப்பினான்.
இது கொன்றவன் நட்டது.
கொன்ற இடத்திலேயே, தன் செலவில்,
கல் எடுத்து, செதுக்கி,
ஊர் பார்க்க நிமிர்த்த வேண்டும்.
அதற்குப் பிறகுதான் அவனுக்கு வயல், சந்தை, கோயில் வாசல்.
சிலவற்றில் கோடரி கீறியிருக்கும்,
எதனால் என்று கேட்பவர்களுக்கு.

திலான் நல்ல பொடியன், தொண்ணூற்றாறில் பிறந்தவன்.
"விளங்கிச்சா?" என்றான்.
விளங்கிச்சு என்றேன்.

காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்,
வைப்பர் ஒன்று வேலைசெய்யவில்லை.
வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில்
கார் நிறுத்துகிற வளவு. மணிக்கு நூறு ரூபாய்.
எண்பத்துமூன்று ஜூலைவரை அது வீடு.
நான் அப்போது பிறக்கவில்லை.
"பெரியப்பா இருந்தவர்" என்பதோடு
எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும்,
யாராவது தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்கள்.
மதிலோரம் கொங்கிரீட் எட்டாத மூலையில்
பட்டிப்பூ. வெள்ளையும் ஊதாவும்.

நாற்பத்தேழு என்றேன் வாய்க்குள்.
முப்பத்தொன்றைத் தேடினேன்,
ஒவ்வொரு காருக்கும் அடியில் பார்ப்பவள் போலக் குனிந்து.

காவல்காரர் வந்தார்.
வாகனம் எது என்று சிங்களத்தில் கேட்டார்.
இல்லை என்றேன்.
அப்படியென்றால் எதையாவது தொலைத்தீர்களா?
மழை, என்றேன். அது பதிலே இல்லை.
அறுபது கடந்திருக்கும் அவருக்கு.
நான் கணக்குப் பார்த்துவிட்டேன்,
அந்த ஜூலையில் இவருக்கு இருபது,
பார்த்த பிறகு வெட்கமாயிருந்தது,
பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அவர் குடையை என் பக்கம் சரித்தார்.
எங்கள் கேற் வரைக்கும் நடந்தோம்.
சின்னக் குடை.
அவருக்கு இடது தோள் நனைந்தது, எனக்கு வலது.